மூன்று கைக்குழந்தைக்கு ஓர் அக்கா

பினாங்கு விமான நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நேரே வடக்கே, ஜார்ஜ் டவுனுக்குப் போய்விடுகிறார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் அது. லிட்டில் இந்தியாவும் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் பழைய செட்டியார் கிட்டங்கிகளும் அங்கேதான் இருக்கின்றன. நான் அதே சாலையில் சில நிமிடங்களிலேயே இறங்கிவிட்டேன். ஊரின் பெயர் பாயான் பாரு.

சுற்றுலா வருகிறவர் தேடிவந்து பார்க்கும்படி இங்கே அதிகமில்லை. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக நீளும் கடைவீடுகள், காலைச் சந்தை, ஸ்பைஸ் அரங்கம், அடுக்குமாடிகள். மேற்கே குன்றுகள், கிழக்கே தொழிற்பேட்டை, அதற்கப்பால் கடல். எங்கள் உறவுக்காரக் குடும்பம் ஒன்று இங்கே வாழ்கிறது. அந்த வீட்டு மருமகள் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் எல்லோர் பேச்சிலும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா தொழிற்சாலைக்குப் போனபின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே நான் ஊரைச் சுற்றினேன்.

ஊருக்கும் இந்தக் கேள்விக்கும் ஒரே வயது. 1960களின் முடிவில் பினாங்கு சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்தது. 1969இல் பினாங்கு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972இல், பாயான் லெப்பாஸ் வயல்வெளிப் பக்கம் மலேசியாவின் முதல் தடையற்ற வணிக வளாகம் எழுந்தது. நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பக்கார்ட், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ், பாஷ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வளாகத்தில் உழைப்பவர்கள் குடியிருக்க அதே வளர்ச்சிக் கழகம் எழுப்பிய புதுநகர்தான் பாயான் பாரு.

அந்தத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசையில் உட்கார்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்க் கிராமங்களிலிருந்தும் சீனக் குடியிருப்புகளிலிருந்தும் தமிழர் தோட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, முடியிழையைவிட மெல்லிய தங்கக்கம்பியைச் சில்லில் இணைத்த விரல்கள் அவர்களுடையவை. பினாங்கின் வளர்ச்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலீட்டுத் தொகையையும் ஏற்றுமதியையும் தவறாமல் குறிக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தபோது அந்தப் பிள்ளைகள் பகலில் எங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் கிடையாது. ஊருக்கு வீடு கட்டினார்கள், சாலை போட்டார்கள், சந்தை கட்டினார்கள். பிள்ளை வளர்ப்பை ஒவ்வொரு குடும்பத்தின் சொந்தப் பாடாக விட்டுவிட்டார்கள்.

பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும். ஆறரை மணிக்குத் தெருவில் இறங்கினால் இன்னும் இருட்டுதான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு ஆளேற்றும் தொழிற்சாலைப் பேருந்துகள் முனைகளில் நிற்கின்றன. சீருடை அணிந்த பெண்கள் ஏறுகிறார்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்திலேயே சில வீடுகளின் முன்விளக்கு எரிகிறது. வாசல் கம்பிக்கதவில் படம் வரைந்த பெயர்ப்பலகை, உள்ளே சின்னச் சின்னச் செருப்புகள் அடுக்கிய பலகை. காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வரும் அப்பாக்கள் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தோளோடு தூக்கிவந்து கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். இவைதான் ‘தாஸ்கா’ எனப்படும் குழந்தைப் பராமரிப்பு மையங்கள்.

என் உறவினர் பிள்ளையைச் சேர்ப்பதற்காக அப்படி ஒரு மையத்தைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். நடத்துகிறவர் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண். “வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு குவளைத் தேநீரை மேசையில் வைத்தார். முன்னறையில் வயதில் கொஞ்சம் பெரிய பிள்ளைகள், உள்ளறையில் கைக்குழந்தைகள். கூடத்தில் சட்டமிட்டு மாட்டிய உரிமப் பத்திரத்தை அவரே காட்டினார்.

சட்டத்தை அவர் வரிவரியாக அறிந்திருந்தார். மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம்தான் அடிப்படை. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பராமரிக்கப்பட்டால் அந்த இடம் சமூகநலத் துறையில் பதிவுபெற வேண்டும். பத்துக்குக் குறைவான பிள்ளைகள் என்றால் வீட்டு மையம், பத்தோ அதற்கு மேலோ என்றால் நிறுவன மையம். 2012இல் வந்த விதிகள் இன்னும் நுணுக்கமானவை. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வரை பத்துப் பேருக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். பராமரிப்பாளர்கள் அரசு அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

உள்ளறையில் சற்று நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேட்டேன். ஓர் இளம் பராமரிப்பாளர் ஏழெட்டு மாதக் குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். “இப்ப காலைத் தூக்கலாமா? ஆ, தூக்கியாச்சு. தண்ணி சில்லுனு இருக்கா?” என்று கேட்டபடியே செய்தார். குழந்தை ஒலி எழுப்பும்போது கையை நிறுத்தி அது முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொன்னார். டயப்பர் மாற்ற ஒரு நிமிடம் போதும். அவர் நான்கைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். பிள்ளை வளர்ச்சியைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் தரம் என்று சொல்வதன் உள்ளீடு பெரும்பாலும் இந்த நான்கு நிமிடங்கள்தான். குழந்தை ஒலி எழுப்ப, பெரியவர் மறுமொழி தர, குழந்தை மறுபடி தொடர, மொழியும் நம்பிக்கையும் அந்தக் கொடுக்கல் வாங்கலில் வளர்கின்றன. சுவரில் ஒட்டிய வண்ணப்படமும் விலையுயர்ந்த பொம்மையும் அதற்கு ஈடாகா. ஆனால் நான்கு நிமிடம் ஒரே குழந்தைக்குக் கொடுக்க வேண்டுமானால், அந்த அக்காவின் பொறுப்பில் இருக்கும் மற்றக் குழந்தைகள் இரண்டைத் தாண்டக்கூடாது. ஏழு குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும் அறையில் எவ்வளவு அன்பானவரும் துடைத்து, கட்டி, அடுத்ததை எடுக்கத்தான் முடியும்.

வெளியே வந்து கட்டணத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் நடத்துகிறவர் ஒரு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டுக் காட்டினார். ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். 2025இல் மலேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஓர் ஆள் என்றால், அந்த ஆளின் சம்பளத்துக்கு மட்டும் ஒவ்வொரு குழந்தையும் மாதம் ஏறத்தாழ 567 வெள்ளி கொண்டுவர வேண்டும். வாடகை, மின்சாரம், சாப்பாடு, முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமநிதி எதுவும் இதில் இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு அதே சம்பளக் கணக்கு 340 வெள்ளியாக இறங்கும். மூன்று வயது தாண்டினால் 170.

“இந்த 567ஐ நான் யார்கிட்ட கேக்கறது?” என்றார் அவர். “புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் அடிப்படைச் சம்பளம்னா மொத்தம் 3,400 வெள்ளி. ஆறில ஒரு பங்கை என் பிள்ளைங்க சம்பளத்துக்கே கொடுன்னு எப்படிச் சொல்வேன்? சரி, குறைச்சு வாங்கறேன்னு வையுங்க. இங்க வேலை செய்யற பிள்ளைங்க ஆறு மாசத்துல ஃபேக்டரிக்குப் போயிடுதுங்க. அங்க ஓவர்டைம் இருக்கு. நான் மறுபடி புதுசா ஒரு பிள்ளையைத் தேடணும், பயிற்சி கொடுக்கணும். குழந்தைக்கு அதுக்குள்ள அந்த முகம் பழகிப் போயிருக்கும்.”

அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். சட்டம் தரத்தை எழுதிவைத்திருக்கிறது, நல்ல தரத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறது. அதற்கான செலவை யார் தருவது என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதாத அந்தச் செலவைப் பாதி பெற்றோரும், பாதி குறைந்த சம்பளம் வாங்கும் பராமரிப்பாளரும் சுமக்கிறார்கள். இருவராலும் முடியாதபோது குழந்தை சுமக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2023 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தகப்பனுக்கும் ஏழு நாள் உண்டு. குறைந்த வருமானமுள்ள அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மாதம் 180 வெள்ளி பராமரிப்புக் கட்டண மானியம் உண்டு. பதிவுபெற்ற மையத்துக்கும் பாலர்பள்ளிக்கும் கட்டும் கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு பெறலாம். பணியிடத்தில் மையம் அமைக்கும் நிறுவனங்கள் 2013 முதல் அந்தச் செலவை வரிக்கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளலாம். இந்திய சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா, வசதி குறைந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாலர்பள்ளிக் கட்டணத்தில் உதவிவருகிறது.

இவற்றை அந்த நாட்காட்டித் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 180 வெள்ளி, கைக்குழந்தையின் சம்பளப் பங்கில் மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. அதுவும் அரசு ஊழியர்களுக்குத்தான். தொழிற்சாலை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு வராது. வரிக்கழிவு, வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிறவருக்குத்தான் பயன்படும். மாதம் 1,700 வாங்கும் தாய்க்குக் கழித்துக்கொள்ள வரியே இல்லை. 98 நாள் விடுப்பு முடியும்போது குழந்தைக்கு மூன்று மாதம். ஓர் ஆளுக்கு மூன்று குழந்தை என்ற விதி அப்போது தொடங்கி அடுத்த ஒன்பது மாதம் நீடிக்கிறது. செலவு உச்சத்தில் இருக்கும் அந்த ஒன்பது மாதத்தில்தான் குடும்பத்தின் கையிருப்பும் தீர்ந்திருக்கிறது. உதவி மிக மெலிதாக இருப்பதும் அப்போதுதான்.

அதனால் பலர் அடுக்குமாடிகளுக்குள்ளேயே ஆள் தேடுகிறார்கள். மாலையில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் தன் வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று பிள்ளை என்பதால் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அவரைத் தொடாது. சட்டம் தொடாததால் பயிற்சியும் அவரைத் தேடி வராது, மானியமும் வராது. இரவு ஷிஃப்ட் தாய்மாருக்கு அவரைவிட்டால் வேறு கதி இல்லை, ஏனென்றால் உரிமம் பெற்ற மையங்கள் மாலையில் கதவைச் சாத்திவிடுகின்றன. “ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலக்கா. நானா எங்கம்மா செஞ்சதைச் செய்யறேன்,” என்றார். தரத்தைப் பற்றிப் பேசும்போது இவரைப் போன்றவர்களை ஒழுங்குமீறலாகப் பார்க்கும் பழக்கம் அதிகாரிகளிடம் எல்லா நாட்டிலும் உண்டு. பாயான் பாருவின் இரவு ஷிஃப்டை இவர்தான் தாங்குகிறார். அவருக்கு ஒரு வாரப் பயிற்சியும், முதலுதவிப் பெட்டியும், மாதம் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லித்தரும் ஒருவரும் கிடைத்தால் அந்த மூன்று பிள்ளைகளின் இரவுகள் மாறும். பினாங்கு மாநிலம் 2011இல் மகளிர் மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே இரு நகராட்சிகளோடு சேர்ந்து, குடியிருப்பில் வாழும் ஆண் பெண் இருவரிடமும் தேவையைக் கேட்டறிந்து வரவுசெலவைத் திட்டமிடும் முறையைக் கொண்டுவந்தது. கேட்டறியும் வழி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. இந்த மாடிப் பெண்களின் பதிலை அது சேர்த்துக்கொண்டால் போதும்.

பிள்ளைக்கு நான்கு வயது ஆனதும் நிலைமை வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர்பள்ளியைத் தேசியக் கல்வியின் பகுதியாக்கியது. நான்கு வயது வரை பிள்ளை மகளிர், குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கீழ் இருக்கிறது. நான்கு தாண்டியதும் கல்வி அமைச்சின் பாலர் வகுப்புக்கோ, கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கெமாஸ் பாலர்பள்ளிக்கோ, ஒருமைப்பாட்டுத் துறையின் பாலர்பள்ளிக்கோ, தனியார் பாலர்பள்ளிக்கோ போகிறது. பிறந்தது முதல் ஆறு வயது வரை ஒரே பிள்ளையாக வளர்கிறவரை நிர்வாகம் இப்படித் துண்டு போட்டு வைத்திருக்கிறது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறார்கள். 2016இல் அதன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். அப்படியொரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பை எட்டிப் பார்க்க வாய்த்தது. ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அரசு பாலர் வகுப்பில் 25க்கு மேல் சேர்ப்பதில்லை. மணல் தட்டில் விரலால் ‘ப’ எழுதியவன், அடுத்த மேசைக்காரியிடம் தன் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆசிரியர் அந்தக் கதையை நிறுத்தாமல், “அப்புறம் எத்தனை குட்டி?” என்று கேட்டு எண்ணும் பாடத்தை அதிலேயே தொடங்கினார். 2017இல் திருத்தப்பட்ட தேசிய பாலர்பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டு வழிக் கற்றலைத்தான் முன்வைத்தது. நல்ல ஆசிரியர் கையில் அது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்று கண்ணால் கண்டேன். 2013இல் வெளியான கல்விப் பெருந்திட்டம் பாலர்பள்ளி ஆசிரியர்களுக்கு டிப்ளோமாவைக் குறைந்தபட்சத் தகுதியாக இலக்கு வைத்ததும் சரியான முடிவு.

ஆனால் அரசு பாலர் வகுப்பு நாளுக்கு நான்கு மணி நேரம். அம்மாவின் ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். நண்பகலில் வாசலுக்கு வந்தவர்களில் தாய்மார் குறைவு. பாட்டிகளும் வேன் ஓட்டுநர்களும்தான் அதிகம். வேனில் ஏறிய பிள்ளைகள் இன்னொரு மையத்துக்குப் போகிறார்கள், அங்கே இன்னொரு கட்டணம். இலவசமாகக் கிடைக்கும் நல்ல பாலர் வகுப்பை, பிற்பகல் பராமரிப்புக்குப் பணமில்லாததால் விட்டுவிட்டு, நாள் முழுக்க வைத்துக்கொள்ளும் சுமாரான இடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களைப் பற்றியும் அந்த வாசலில் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் தீவைவிட்டு அக்கரைக்குப் போனோம். பாயான் பாருவுக்குப் பக்கத்திலேயே பத்து மாவுங்கிலிருந்து தொடங்கும் இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டது, 24 கிலோமீட்டர் நீளம். கடலைக் கடந்தால் பத்து காவான். அதற்குத் தெற்கே நிபோங் திபால். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பருக்கும் தமிழர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வட்டாரம் இது. பத்து காவான் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று தொழிற்பேட்டையும் புதுநகரும் எழுந்திருக்கின்றன. பாயான் லெப்பாஸில் இடம் போதாமல் நிறுவனங்கள் இங்கே வருகின்றன.

அங்கே ஒரு வீட்டில் எண்பதை நெருங்கும் பாட்டியிடம் ஆயாக் கொட்டகையைப் பற்றிக் கேட்டேன். மலேசியத் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். பொழுது புலருமுன் பால்மரம் சீவப் போகும் தாய், துணியில் சுற்றிய பிள்ளையையும் பால் போத்தலையும் அங்கே விட்டுப் போவாள். வெளிவேலை செய்ய முடியாத வயதுப் பெண் ஒருத்திக்கு ஆயா வேலை கொடுப்பார்கள். வரிசையாகத் தூளிகள், ஒரு காலால் ஒன்றை ஆட்டி ஒரு கையால் இன்னொன்றை ஆட்டும் ஆயா. “பாவம், அவளும் என்ன செய்வா? அத்தனை பிள்ளையையும் அவ ஒருத்தியா பார்க்கணும். அழுது அழுது அதுங்களே தூங்கிடும்,” என்றார் பாட்டி. இலங்கை மலையகத்தில் இதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். அங்கேயும் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் கதை இதுவேதான்.

ஆயாக் கொட்டகையின் தரத்தை யாரும் புகழ முடியாது. ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது உழைப்பைப் பெறுகிறவனின் பொறுப்பு என்ற ஒப்புதல் அந்தக் கொட்டகையில் இருந்தது. மலேசியச் சட்டமும் அதை ஏற்றது. தொழிலாளர் வீட்டுவசதி, அடிப்படை வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கவுரையிலேயே வீட்டோடு சேர்த்துக் குழந்தைக் காப்பகத்துக்கும் குறைந்தபட்சத் தரம் வகுப்பதாக எழுதியிருக்கிறது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனையானது, செம்பனை வீட்டுமனையானது. தமிழ்க் குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தன. வீடும் கோயிலும் போனதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கொட்டகையோடு போன அந்த ஒப்புதலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தத் தோட்டத்துப் பாட்டியின் பேத்தி இன்று சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நவீனக் கட்டடம், நல்ல சம்பளம், குளிரூட்டிய அறை. பிள்ளையை எங்கே விடுவது என்ற விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பாட்டிக்கு இருந்த உரிமைகூட இல்லை.

கொட்டகை இன்னொன்றையும் கற்பிக்கிறது. இடம் கொடுத்தால் போதும், ஆள் எத்தனை, எப்படிப்பட்டவர் என்று கேட்க வேண்டாம் என்று நினைத்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டிவிட்டது. பணக்கார நாடுகளும் இதே பாடத்தைப் படித்திருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு ஐந்து டாலரில் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கியது. தாய்மார் பெருமளவில் வேலைக்குத் திரும்பினார்கள், அது மகத்தான வெற்றி. ஆனால் மைக்கேல் பேக்கர், ஜொனாதன் க்ரூபர், கெவின் மில்லிகன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்ததைக் காட்டியது. இடங்களை வேகமாகப் பெருக்கியபோது தரம் அதே வேகத்தில் வரவில்லை. பெற்றோரும் நிர்வாகத்தில் பங்கேற்கும் லாபநோக்கற்ற மையங்களில் தரம் மேலாகவும், தனியார் மையங்களில் தாழ்ந்தும் இருந்ததைப் பின்வந்த ஆய்வுகள் சுட்டின. மலிவான இடமும் நல்ல இடமும் தானாக ஒன்றாகிவிடுவதில்லை. ஒன்றாக்கப் பணமும் திட்டமும் வேண்டும்.

பினாங்கிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் சிங்கப்பூர் அந்த நாட்காட்டிக் கணக்கைப் புரிந்துகொண்டிருக்கிறது. வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு முழுநாள் பராமரிப்பில் மாதம் 300 சிங்கப்பூர் டாலர் அடிப்படை மானியம். அதுவே கைக்குழந்தை என்றால் 600. வருமானம் குறைவான குடும்பத்துக்கு அதற்கு மேலும் உண்டு. ஆள் அதிகம் தேவைப்படும் வயதுக்குப் பணமும் இருமடங்கு. மானியம் உரிமம் பெற்ற மையத்தின் வழியாகவே வருகிறது. 2013இல் தொடங்கிய பாலர் பருவ வளர்ச்சி அமைப்பு ஒன்றே பராமரிப்பையும் பாலர்பள்ளியையும் சேர்த்துப் பார்க்கிறது. அளவிலும் வசதியிலும் மலேசியா வேறு என்பது உண்மைதான். மானியத்தை வயதுக்கேற்ப வகுப்பதற்கு ஒரு நாடு பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

இதை எழுதும்போது என் மனம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. குழந்தைப் பருவக் கவனிப்பை இந்தியாவின் பொதுக் கொள்கைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மீனா சுவாமிநாதன். அவர் தலைமையிலான ஆய்வுக்குழுவின் 1972ஆம் ஆண்டு அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிவகுத்தது. அந்தத் திட்டத்தின் அங்கன்வாடிகள் தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு அங்கே பசியைத் துரத்தியது. முட்டையும் சோறும் தடுப்பூசியும் அங்கன்வாடியின் பெரும் சாதனைகள். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பகல் முழுக்க வைத்துக்கொள்ள அது வடிவமைக்கப்படவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் பல காலமாகச் சொல்லிவந்தது. 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தையும் சேர்த்தது. எழுதப்பட்டதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தைத் திருப்பூரின் எந்தப் பின்னலாடைத் தொழிலாளியும் சொல்வார்.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் இன்று கைபேசி இணைக்கும் வரிசைகளில் பல்லாயிரம் இளம்பெண்கள் நிற்கிறார்கள். பெரும்பாலோர் திருமணமாகாதவர்கள், விடுதியில் தங்குகிறவர்கள். 1972இன் பாயான் லெப்பாஸும் இப்படித்தான் இருந்தது. அவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் பிள்ளை பிறக்கும். அப்போது அவர்கள் வேலையை விடுவார்களா, பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விடுவார்களா, தொழிற்பேட்டைக்கு அருகில் ஒரு நல்ல மையத்தில் விடுவார்களா என்பதை இன்று நிலம் ஒதுக்குகிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பாயான் பாரு ஐம்பது ஆண்டு தாமதமாகத் தேடும் விடையை நாம் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

அந்த விடைக்கு நான் பாயான் பாருவில் கேட்டவற்றிலிருந்தே சில வரிகள் தருகிறேன். மானியத்தைக் கைக்குழந்தைக்கு அதிகமாகவும் வளர வளரக் குறைவாகவும் வகுக்க வேண்டும், அது தனியார் துறையில் வேலை செய்யும் தாய்க்கும் கிடைக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பராமரிப்பாளரின் சம்பளத்துக்கென்றே குறிக்கப்பட வேண்டும், அப்போதுதான் குழந்தைக்குப் பழகிய முகம் ஆறு மாதத்தில் மறையாது. நான்கு மணி நேரப் பாலர் வகுப்பின் பின்பாதியை அதே வளாகத்தில் பராமரிப்போடு நீட்ட வேண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணைப் பயிற்சியோடும் மதிப்போடும் அமைப்புக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் தரும்போது சாலைக்கும் தண்ணீருக்கும் இடம் குறிப்பதுபோல் குழந்தை மையத்துக்கும் இடம் குறிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். செலவு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வேலையை விடும் தாயின் சம்பளமாகவும், குறைந்த கூலிக்கு உழைக்கும் பராமரிப்பாளரின் உழைப்பாகவும், பாட்டியின் முதுகுவலியாகவும் அது கணக்கில் வராமல் கழிகிறது. அந்தத் தாய்மாரின் உழைப்பால் செழித்த நிறுவனங்களும் அவற்றிடம் வரி வாங்கும் அரசும் அந்தச் செலவில் தங்கள் பங்கை ஏற்க வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது. என் உறவினர் வீட்டுக் குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது, மூன்று கைக்குழந்தைக்கு ஓர் அக்கா என்ற கணக்கைக் காப்பாற்றும் மையத்தில். குடும்பம் அதற்காகக் கொடுக்கும் பணத்தைக் கேட்டபோது, அந்த வீட்டுக்கு இருக்கும் வசதி இல்லாத வீடுகளின் பிள்ளைகளை நினைத்தேன். அவர்களுக்கும் அதே கணக்கு பொருந்தினால்தான் அதைச் சட்டம் என்று சொல்ல முடியும்.